நீ நித்திரை கொண்ட பத்தொன்பது இரவுகள்

தம்பி,

நீ பிறந்த நாள் முதல் உன்னை இப்படித்தான் கூப்பிட்டு வருகிறேன். மகனே என்று தொடங்கிக் கடிதம் எழுத எனக்கு வரவில்லை. சனிக்கிழமை காலை நீ அனுப்பிய குரல்செய்தியை மூன்று தடவை கேட்டேன். "அம்மா, நீங்கள் ஒருக்காப் புத்தூருக்குப் போய்ச் சிந்துஜாவோடை கதையுங்கோ. பிள்ளை நித்திரை கொள்ளட்டுமெண்டு அந்தத் தடிமன் பாணி மருந்தைக் கொஞ்சம் பருக்கினதுக்கு, தாய்வீட்டை போய் நிக்கிறா. நானும் வேலைக்குப் போற மனிசன்தானே. நீங்களும் எனக்குக் குடுத்தனீங்களாம், அப்பா சொன்னவர். நான் என்ன குறைஞ்சே போனன்? ஆஸ்பத்திரியிலை டொக்டரிட்டைச் சொல்லி என்ரை மானத்தை வாங்கிப்போட்டா. நீங்கள் சொன்னாக் கேப்பா." ஒன்றரை நிமிடம் கதைத்திருக்கிறாய். அதில் உன் வேலை இருந்தது, உன் மானம் இருந்தது. எட்டு மாதப் பிள்ளை ஆரணி இப்போது எப்படி இருக்கிறாள் என்ற ஒரு சொல் இல்லை. நீ கேட்டபடி நான் புத்தூருக்குப் போனேன். நீ கேட்டதைச் சொல்லவில்லை. உன் மனைவியிடம் அங்கே எதைச் சொன்னேனோ, அதை இப்போது உனக்கு எழுதுகிறேன்.

இதை மற்றவர்களும் வாசிக்கும்படி எழுதுவது உனக்குக் கோபத்தைத் தரும். காரணத்தைச் சொல்கிறேன். பொய் ஒரு சபையில் சொல்லப்பட்டது. ஆரணியின் முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவுச் சடங்கு முடிந்து, அரியாலையில் உன் வீட்டு விறாந்தையில் நாற்பது பேர் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளை அழுதாள். சிந்துஜா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். நடக்கும்போதே கண் செருகியது அந்தப் பெண்ணுக்கு. அப்போது உன் அப்பா உன்னைக் காட்டிச் சொன்னார்: "எங்கடை ஆள் நாலாம் மாசத்திலையே விடியும்வரைக்கும் ஒரே நித்திரை. ஒருநாள் எழும்பினானெண்டு கேளுங்கோ. எல்லாம் வளக்கிற விதத்திலை இருக்கு." உன் பெரியப்பா விடவில்லை. "அது பரம்பரை நித்திரையடாப்பா. நீ கந்தோர் மேசையிலை படுக்கிற மாதிரி." எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டு மனைவியைப் பார்த்து, "கேட்டீரே?" என்றாய். நான் இரண்டடி தள்ளி வடைத் தட்டத்தோடு நின்றேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வடை வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு அடுத்த ஆளிடம் போனேன். நாற்பது பேருக்கு முன்னால் நான் திருத்தாமல் விட்டதை உன் காதுக்குள் மட்டும் சொல்லித் திருத்த முடியாது. சிந்துஜா இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டாள். தன்னைப் பற்றிய இரண்டு வரிகளை வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன். உன் அனுமதியை நான் கேட்கவில்லை.

நீ நித்திரைக்காரப் பிள்ளை அல்ல. முதலில் அதைத் தெரிந்துகொள். நாங்கள் அப்போது நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். மின்சாரம் இல்லை. இருட்டினால் ஊரடங்கு. நான் பல்கலைக்கழக இறுதிவருடத்தில் கலியாணம் செய்தவள். யுத்தத்தில் இழுபட்டு இழுபட்டு வந்த இறுதிச் சோதனையும் நீயும் ஒன்றாக வந்து சேர்ந்தீர்கள். உனக்கு மூன்று மாதம். அறையின் கூரை வளையிலிருந்து என் பழைய நூல்சேலையில் ஏணை கட்டியிருந்தேன். ஏணையில் கட்டிய கயிற்றின் மறுமுனை என் வலதுகாற் பெருவிரலில் இருக்கும். மேசையில் அரிக்கன் லாம்பு, அதற்குக் கீழே தாவரவியல் குறிப்புகள். கால் இழுத்துக்கொண்டிருக்கும், கண் வாசித்துக்கொண்டிருக்கும். ஒரு பந்தியில் மனம் ஊன்றிக் கால் நின்றால் நீ வீரிட்டுவிடுவாய். ஓர் இரவில் ஐந்து தடவை, ஆறு தடவை. அப்பா முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார். நீ இரண்டாம் தடவை அழும்போது கதவுக்குள்ளிருந்து குரல் வரும்: "இஞ்சேரும், உவனை ஒருக்கா அமத்தும். எனக்கு விடியக் கந்தோர்." அவருக்குக் கந்தோரில் வேலை இருந்தது உண்மை. எனக்குச் சோதனை இருந்தது என்பது அந்த வீட்டில் யாருக்கும் உண்மையாகத் தெரியவில்லை. சில இரவுகளில் எனக்கே தெரியவில்லை.

அறிவுரை சொன்னவர்களுக்குக் குறைவில்லை. கண்ணூறு என்று உப்பும் செத்தல்மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். கோயிலில் நூல் மந்திரித்துக் கட்டினார்கள். என் பாலில் பெலன் இல்லை என்றார்கள். படித்த பெண்ணுக்குப் பிள்ளை பிடிக்கத் தெரியாது என்று, எனக்குக் கேட்கும் தூரத்தில் நின்று சொன்னார்கள். எதையும் நான் நம்பவில்லை. ஆனால் உன் மணிக்கட்டில் கட்டிய நூலை அவிழ்க்கவும் இல்லை. நித்திரை இல்லாதவளுக்கு நம்பிக்கையின்மை ஒன்றும் பெரிய உதவி செய்யாது, தம்பி.

பிறகு உனக்குத் தடிமன் வந்தது. மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் திணறினாய். அப்பா கந்தோரால் வரும்போது ஒரு பார்மசியில் கேட்டு ஒரு சின்னப் போத்தல் பாணி மருந்து வாங்கி வந்தார். சிவப்பு நிறம், இனிப்பு. அன்று இரவு பருக்கினேன். நீ ஒன்பது மணிக்குப் படுத்து விடிய ஐந்தரைக்குத்தான் அசைந்தாய். அன்றைக்கு நான் ஒரு முழு அத்தியாயம் படித்து முடித்து, நாலு மணித்தியாலம் தொடர்ந்து நித்திரை கொண்டேன். காலையில் கிணற்றடியில் முகம் கழுவியபோது தண்ணீர் குளிர்கிறது என்று எனக்குத் தெரிந்தது. மூன்று மாதமாக அது தெரிந்திருக்கவில்லை. நாலு நாளில் உன் தடிமன் மாறிவிட்டது. மருந்து மாறவில்லை.

எத்தனை இரவு என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன், ஏனென்றால் சோதனை அட்டவணை அப்போது சுவரில் ஒட்டியிருந்தது. பத்தொன்பது. முதல் நாலு இரவு தடிமனுக்காக. மிச்சம் பதினைந்தும் எனக்காக. உனக்கு என்று சொல்ல மாட்டேன். நான் உயிர் விஞ்ஞானம் படித்தவள். அந்த மருந்து நித்திரையைத் தருவதில்லை, மூளையை மந்தமாக்குகிறது என்பது எனக்கு விளங்காமல் இல்லை. ஒரு மூன்று மாதப் பிள்ளைக்கு மூச்சும் சேர்ந்து மந்தமாகலாம் என்று யோசிக்கவும் தெரியும். யோசிக்கவில்லை. அறியாமல் செய்தவர்களுக்கு ஒரு மன்னிப்பு உண்டு. எனக்கு அது இல்லை. கடைசி வாரத்தில், முதல் நாள் அளவுக்கு நீ அசந்து போகவில்லை என்று கண்டு, கரண்டியில் இன்னும் கொஞ்சம் கூட்டி ஊற்றினேன். கை நடுங்கவில்லை. இதுதான் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் வருகிறது, கை நடுங்கவில்லை என்பது.

பத்தொன்பதாம் இரவு கழிந்து விடிய நாலரைக்கு நான் எழும்பினேன். மார்பு கட்டிச் சேலை நனைந்திருந்தது. ஏணைக்குள் கையை விட்டு உன்னைத் தூக்கினேன். தலை பின்னால் விழுந்தது. கன்னத்தில் தட்டினேன், உள்ளங்காலில் சுண்டினேன். உதட்டில் பால் வைத்தேன், அது கடைவாயால் வழிந்தது. மூச்சு இருந்தது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் எனக்கு எண்ண முடிந்தது. முன்னறைக் கதவைத் தட்டினேன். அப்பா வந்து லாம்பைத் தூக்கிப் பார்த்தார். "நல்லா நித்திரை கொள்ளுறான். விடும்." "இல்லை, எழும்புறான் இல்லை." "எழும்பினாலும் அழுறீர், எழும்பாட்டிலும் அழுறீர்." பிறகு அவரும் உன்னை அசைத்துப் பார்த்தார். பிறகு அவர் பகிடி விடவில்லை. ஊரடங்கு ஆறு மணிக்குத்தான் எடுபடும். அந்த ஒன்றரை மணித்தியாலமும் உன்னை மடியில் வைத்துக்கொண்டு நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறுக்குச் சைக்கிளில் புறப்பட்டோம். நான் பின்னுக்கு, நீ என் மடியில்.

ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது அப்பா சொன்னார்: "ஒண்டும் சொல்லிப்போடாதையும். கம்பஸ் படிச்ச பெட்டை பிள்ளைக்கு மருந்து பருக்கினதெண்டு ஊர் சிரிக்கும்." டொக்டர் வயதானவர், அமைதியாகக் கேட்டார்: "என்ன குடுத்தனீங்கள்?" நான், "பால் மட்டும்தான் டொக்டர்" என்றேன். அவர் இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை அதையே சொன்னேன். ஒரு தாதி உன் வாயருகே குனிந்து மணந்து பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "பிள்ளை, குழந்தையின்ரை வாயிலை பாணி மணக்குது. எனக்கு ஒளிச்சாலும் டொக்டருக்கு ஒளியாதையும். தெரிஞ்சாத்தான் அவர் வைத்தியம் பாக்கலாம்." நான் அந்த மனுஷியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "நீங்கள் பிழையாய் நினைக்கிறியள்" என்றேன். அப்பா சொன்னதால் நான் மறைத்தேன் என்று இவ்வளவு காலமும் எனக்குள் சொல்லி வந்திருக்கிறேன். இல்லை. அவர் சொல்லாவிட்டாலும் மறைத்திருப்பேன். உன் உயிருக்கும் என் பெயருக்கும் நடுவில் ஒரு கேள்வி வந்தது, நான் என் பெயரை எடுத்தேன். டொக்டர்கள் என் உதவி இல்லாமலே உன்னைக் கண்காணித்தார்கள். மத்தியானம் தாண்டி நீ கண்ணைத் திறந்து, குரல் கம்மி அழுதாய். தாதி உன்னைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். அடுத்த கிழமை நான் சோதனை எழுதினேன். இரண்டாம் வகுப்பு, மேற்பிரிவு. அந்தப் பட்டத்தோடுதான் இன்றைக்கும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு நரம்புத்தொகுதி படிப்பிக்கிறேன்.

மிச்சப் பாணியை மலசலகூடத்தில் ஊற்றினேன். அதன் பிறகு நீ பழையபடி ஐந்து தடவை எழும்பினாய், ஒரு வயதாகும்வரை. அது யாருக்கும் ஞாபகம் இல்லை. அப்பாவுக்கு ஞாபகமிருப்பது அந்தப் பத்தொன்பது இரவுகள் மட்டும். அவர் கதவு சாத்திப் படுத்தபோது சத்தம் கேட்காத இரவுகள். முதலில் அவர் அதைச் சொந்தக்காரருக்குச் சொன்னபோது பயத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். பத்து வருடத்தில் அது பெருமையாகிவிட்டது. இருபத்தைந்து வருடத்தில் அது உன் வாழ்க்கைச் சரித்திரமாகிவிட்டது. நீ அதை மனைவியின் முகத்துக்கு நேரே பிடிக்கும் அளவுக்கு. மருந்துப் பகுதியை உன்னிடம் இப்போது சொன்னாரே, ஆஸ்பத்திரியைச் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார்.

உன் வீட்டுக்கு இரண்டு கிழமைக்கு ஒருதடவை வருவேன். பார்த்ததைச் சொல்லாமல் வருவதும் போவதும் என் பழக்கம், அதை மரியாதை என்று வேறு நினைத்திருந்தேன். ஆரணி நடுக்கூடத்தில் ஏணையில் கிடப்பாள். எதிரில் தொலைக்காட்சி. பத்து மணிக்குப் பிறகும் வெளிச்சம், சத்தம், நீ கைப்பேசியில் சிரிக்கும் சிரிப்பு. பிறகு நீ குளிரூட்டி உள்ள அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவாய். சிந்துஜா பாயில் படுத்து ஒரு கையை உயர்த்தி ஏணைக்கயிற்றை இழுப்பாள். ஆட்டம் நின்றால் பிள்ளை எழும்பும், பால் கொடுப்பாள், திரும்ப ஆட்டுவாள். காலை ஏழரைக்கு அவளும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறாள். ஒருநாள் நான் கேட்டேன், நீ ஒரு இரவாவது எழும்பக்கூடாதா என்று. "அவவுக்குப் பழகீட்டுது அம்மா. எனக்கு இடையிலை எழும்பினா பிறகு வராது" என்றாய். உனக்கு வராது. அவளுக்கு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

அந்த அறைக்கதவை நீ உன் அப்பாவிடமிருந்து எடுத்தாய். போத்தலை என்னிடமிருந்து. எடுக்காத ஒன்று உண்டு, அதை இப்போது சொல்கிறேன். உன் தங்கை பிறந்தபோது எனக்கு மருந்தின் மேலும் மனிதர்கள் மேலும் நம்பிக்கை போயிருந்தது. பிள்ளையைத்தான் பார்த்தேன். நாமெல்லோரும் இரவில் பல தடவை விழிக்கிறோம். புரண்டு படுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். பிள்ளையும் விழிக்கும். கண்ணை மூடும்போது ஆட்டமும் மார்பும் இருந்து, கண்ணைத் திறக்கும்போது இரண்டும் இல்லை என்றால், அது கத்தாமல் என்ன செய்யும்? ஆகவே தங்கையை ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு இரவில் ஏணையில் போடவில்லை. பாயில், நுளம்புவலைக்குள், நிமிர்த்திப் படுக்க வைத்தேன். சுற்றிவரத் தலையணை அடுக்கவில்லை. அது மூச்சை அடைக்கும் என்று எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், ஒரே ஒழுங்கு: இளஞ்சூட்டு நீரில் உடம்பு துடைப்பு, பால், விளக்குக் குறைப்பு, சன்னக் குரலில் இரண்டு பாட்டு. பால் குடித்துக் கண் சொக்கும்போது, முழுதாக மூடுவதற்கு முன் படுக்கையில் விட்டேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். நாளாக நாளாகக் கையை எடுத்தேன், பிறகு கொஞ்சம் தள்ளி இருந்தேன்.

இரவில் அவள் முனகினால் உடனே தூக்கவில்லை. மெல்ல நூறு எண்ணினேன். பாதி நேரம் எண்பதிலேயே அடங்கிவிடுவாள். அது அழுகையல்ல, நித்திரையிலேயே எழுப்பும் சத்தம். உண்மையாக அழுதால் போனேன். விளக்குப் போடவில்லை, கதை பேசவில்லை. பகலில் வெளிச்சத்தில் விளையாட விட்டேன், நன்றாகப் பால் கொடுத்தேன், பின்னேரம் பிந்திப் படுக்க விடவில்லை. காய்ச்சல் வந்தபோதும் பல் முளைத்தபோதும் எல்லா ஒழுங்கும் குலைந்தது, திரும்பத் தொடங்கினேன். கனடாவிலிருந்து உன் சித்தி தொலைபேசியில் எடுத்து, தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்து, மூன்று நாள் கத்திவிட்டு அடங்கும் என்றாள். கதவு சாத்துகிற ஆள் ஒருவர் இந்த வீட்டில் போதும் என்று சொன்னேன். ஐந்து தடவை மூன்றாயிற்று, பிறகு ஒன்றாயிற்று. ஒரு வயதுக்குப் பிறகு அநேக இரவுகளில் விடியும்வரை படுத்தாள். ஏழு மாதம் எடுத்தது. இதில் மந்திரம் எதுவும் இல்லை, ஒரு ஆள் எழும்பவேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் ஒவ்வொரு இரவும் நானாகவே இருந்தேன். அதைப் பற்றி அப்பா எந்தச் சபையிலும் பெருமை பேசியதில்லை.

இனி உன்னுடைய வியாழக்கிழமை. சிந்துஜா குளிக்கப் போன நேரம் பார்த்துப் பருக்கினாய். ஏன் அந்த நேரம் பார்த்தாய் என்று உன்னையே கேள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் விடியும்வரை நித்திரை கொண்டு, பால் கட்டிய நோவில் எழும்பியிருக்கிறாள். பிள்ளையைத் தூக்கினால் பிள்ளை துவண்டது. உன்னைக் கேட்டாள், நீ ஒன்றும் தெரியாது என்றாய். உன் சவர அலுமாரிக்குள் இருந்த போத்தலை அவளே தேடி எடுத்தாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, பிள்ளையோடு முச்சக்கரவண்டியில் ஏறி, ஆஸ்பத்திரியில் டொக்டரின் மேசையில் வைத்து, "இவ்வளவு குறைஞ்சிருக்கு, பிள்ளையின்ரை தேப்பன் குடுத்தவர்" என்று சொன்னாள். அவள் உன் மானத்தை வாங்கினாள் என்கிறாய். அவள் ஒரு கேள்விக்கு உண்மையைப் பதிலாகச் சொன்னாள். நான் அதே கேள்விக்கு முன்னால் நின்றவள். அது எவ்வளவு கஷ்டமான பதில் என்று இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை புத்தூரில் ஆரணி பாயில் குப்புற விழுந்து தவழப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாக இருக்கிறாள். நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன். சிந்துஜாவின் தாய் தேத்தண்ணி தந்துவிட்டு, என்னை நோகடிக்காமல் கதையைத் தொடங்கினார். "எங்கடை மனிசனும் லேசுப்பட்டவர் இல்லை சம்பந்தி. இவள் குழந்தையாய் இருக்கேக்கை, வெங்காயத்துக்குக் காவலெண்டு தோட்டத்துக்குப் போயிடுவார். அங்கை நல்ல நித்திரை. வெங்காயத்தை ஆர் இழுத்துக்கொண்டு போனாலும் தெரியாது." தகப்பன் பேத்தியைத் தூக்கிக்கொண்டே, "இப்ப ஆர் பாக்கிறது? ராத்திரி ரண்டு தரம் எழும்பினது ஆர்? அதைச் சொல்லன்" என்றார். "ஓம், இருபத்தைஞ்சு வருசம் பிந்தி." சிந்துஜா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "மாமி, நீங்கள் அவருக்காகக் கதைக்க வந்தனீங்களோ?" என்றாள். "இல்லைப் பிள்ளை. என்ரை கதையைச் சொல்ல வந்தனான்" என்றேன். சொன்னேன். போத்தல், பத்தொன்பது இரவு, டொக்டர், தாதி, எல்லாம்.

சிந்துஜா எழும்பிப் பிள்ளையைத் தகப்பனிடமிருந்து வாங்கி மடியில் வைத்தாள். பிறகு கேட்டாள்: "முப்பத்தொண்டு அண்டைக்கு மாமா சொல்லேக்கை நீங்கள் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்?" ஓம் என்றேன். "அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அவர் இதை வாங்கியிருக்கமாட்டார். என்ரை பிள்ளை மட்டும் ஏன் எழும்புது, நான் என்ன பிழை விடுறனெண்டு ஏழு மாசமாய் அழுதுகொண்டிருந்தனான் மாமி." மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவளுடைய சுமையில் அதையும் வைத்ததாக இருந்திருக்கும். இந்தச் செய்கையில் என் பங்கு உன் பங்குக்குக் குறைந்ததல்ல. உன் போத்தலில் என் மௌனமும் இருந்தது. அதனால் உன் பங்கு குறைந்துவிட்டது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே. இரண்டும் தனித்தனி.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே தருகிறேன். "கூட்டிக்கொண்டு போக வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ. ரண்டு கிழமை இஞ்சை வந்து நிண்டு, இரவிலை பிள்ளையை அவர் பாக்கட்டும். பிறகு கதைப்பம். திரும்பி வருவனெண்டு நான் சொல்லேல்லை மாமி, அதையும் சொல்லுங்கோ." சொல்லிவிட்டேன். அவள் வராமல் விட்டால், பேசிப் பாருங்கள், ஊர் என்ன சொல்லும் என்று என்னிடம் வராதே. ஊர் சொல்வதற்குப் பயந்து ஒரு பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள் நான். இந்தக் கடிதத்தை அனுப்புமுன் உன் அப்பாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்து, "உதெல்லாம் இப்ப என்னத்துக்கு?" என்றார். பிறகு வழக்கம்போல் முன்னறைக்குப் போய்ப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. அவருக்கு ஐம்பத்தாறு வயது, தம்பி. இனி மாறமாட்டார். நான் அதற்காகக் காத்திருந்த காலமும் முடிந்துவிட்டது. உனக்கு இருபத்தைந்து.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேரே புத்தூருக்குப் போ. காலையில் அங்கிருந்தே வேலைக்குப் போகலாம், தூரமில்லை. மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று கட்டிலைத் தருவார்கள், எடுக்காதே. பிள்ளையின் பாய்க்குப் பக்கத்தில் படு. ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் எழும்புவாள். அதில் ஒரு தடவை பாலுக்காக இருக்கும். அப்போது தாயிடம் கொண்டுபோய்க் கொடு, குடித்ததும் வாங்கிக்கொண்டு வா. மற்ற நேரம் உன் கையோடு இருக்கட்டும். முதல் நாலைந்து இரவு உன் கை அவளுக்குப் பிடிக்காது, கத்துவாள். கத்தட்டும், நீ பக்கத்தில் இரு. விடிய வேலைக்குப் போகும்போது தலை கனக்கும், வாய் கசக்கும், ஆட்கள் பேசுவது தூரத்தில் கேட்கும். அதைப் பற்றி யாரிடமும் சொல்லி ஆறுதல் தேடாதே. எனக்கும் நடுராத்திரியில் தொலைபேசி எடுத்து, பிள்ளை எழும்பிவிட்டாள், என்ன செய்ய என்று கேட்காதே. சிந்துஜா அடுத்த அறையில் இருப்பாள். அழுகை கேட்டு அவள் எழும்பி வந்தால், நான் பார்க்கிறேன், நீர் போய்ப் படும் என்று சொல். அவளும் ஒரு பிள்ளைதான், நித்திரை கொள்ளட்டும்.

அம்மா